தொட்டால் தொற்றாது
(சபையின் ஆண்டு விழாவையொட்டி நடந்த சுகவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊரில் எங்கள் மாமி ஒருவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளைச் செதில் படிந்த தடிப்புகள் இருந்தன. அவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். கலியாண வீடுகளுக்கு அவர் போவதில்லை. "மாமியின் பாயில் இருக்காதே" என்றார்கள், நானும் இருக்கவில்லை. இங்கே பேர்கனில் தாதியாகப் படித்தபோதுதான் அந்த நோயின் பெயர் சொரியாசிஸ் என்றும், அது தொற்றாது என்றும் அறிந்தேன். அதற்குள் மாமி காலமாகிவிட்டார்.

பயத்திற்கு ஒரு காரணம், குஷ்டரோகத்தோடு இதைக் குழப்பிக்கொள்வது. லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் குஷ்டம் என்று நாம் வாசிக்கும் எபிரேயச் சொல், பலவகைத் தோல் நோய்களையும், துணியிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூசணத்தையும்கூடக் குறித்தது. மருத்துவர்களும் நெடுங்காலம் குழம்பினார்கள். 1841இல் வியன்னாவின் ஹெப்ரா என்ற மருத்துவரே இரண்டும் வேறு என்று தெளிவாகப் பிரித்தார். குஷ்டரோகக் கிருமியை 1873இல் நமது பேர்கன் நகரிலேயே ஹான்சன் கண்டுபிடித்தார். சொரியாசிசைப் பரப்பும் கிருமி எதுவும் இல்லை.

நமது மேல்தோல் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். சொரியாசிஸ் உள்ளவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தூண்டப்படுவதால், அது சில நாட்களிலேயே நடந்து செதிலாகக் குவிகிறது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. தொண்டை அழற்சி, மனஅழுத்தம், புகை, மது, சில மருந்துகள் இதைக் கிளப்பலாம். நமது நிறத்தில் இது சிவப்பாகத் தெரியாமல் ஊதாவாகவோ கருஞ்சாம்பலாகவோ தெரியலாம். ஆகவே வைத்தியரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். தினமும் ஈரப்பதக் களிம்பு பூசுங்கள். அது ஊறிய உடை எளிதில் தீப்பற்றும். மெழுகுவர்த்தி அருகே கவனம். அடுத்து ஸ்டீரொயிட், வைட்டமின் டி வகைப் பூச்சுகள். பிறகு புறஊதா ஒளிச் சிகிச்சை. கடுமையானால் மாத்திரை, ஊசி. மெதோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. தினமும் எடுத்தால் உயிராபத்து. தகுதியுள்ளவர்களை நோர்வே அரசு கிரான் கனேரியாவுக்கு வெயில் சிகிச்சைக்கு அனுப்புகிறது, வைத்தியரிடம் கேளுங்கள். உள்ளடக்கம் எழுதப்படாத களிம்புகளை ஊரிலிருந்து எடுப்பித்துப் பூசாதீர்கள். அவற்றில் கடும் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம். காலையில் மூட்டுகள் வீங்கி விறைத்தால் தாமதிக்காதீர்கள்; இந்நோய் மூட்டையும் தாக்கும்.

ஜெபியுங்கள், மருந்தையும் எடுங்கள். குணமாகவில்லையென்றால் விசுவாசக் குறைவு என்று எவரையும் நோகச் செய்யாதீர்கள்.

மாற்கு முதலாம் அதிகாரத்தில், குஷ்டரோகியை ஆண்டவர் தூரத்தில் நின்று குணமாக்கவில்லை, தொட்டார். நம் சபையிலும் நீளக்கைச் சட்டைக்குள் தோலை மறைத்து, பின்வாங்கில் இருந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கலாம். சமாதானம் கூறும் வேளையில் அவர்களிடம் நாமே போய்க் கைகொடுப்போம். ஆராதனை முடிந்து சாப்பிடும்போது பக்கத்தில் இருப்போம். மாமிக்கு நான் செய்யாததை, உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.