வரப்பில் வளரும் மரம் யாருக்கு?

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு நடைபெற்ற சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

வாயிலில் கட்டியுள்ள மாவிலைத் தோரணத்தைக் கண்டவாறே உள்ளே வந்தேன். தேக்காவில் காசு கொடுத்தால் மாவிலையும் வேப்பிலையும் கிடைத்துவிடுகின்றன. அவற்றைத் தரும் மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று நாம் எண்ணுவதில்லை. நான் பேச வந்திருப்பது நிலத்தைப் பற்றித்தான். அதிலும், ஊரில் நாம் விட்டுவந்திருக்கும் நிலத்தைப் பற்றி.

சிங்கையில் 1963 ஜூன் 16ஆம் நாள் திரு. லீ குவான் இயூ அவர்கள் ஃபேரர் சர்க்கஸில் ஒரு மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். இங்கே சாலையோர மரத்துக்கு நீரூற்றவும் கிளை கழிக்கவும் அரசு இருக்கிறது. ஊரில் நம் வயல் மரத்துக்கு யார் இருக்கிறார்?

நம்மில் பலர் தஞ்சை, நாகை, புதுக்கோட்டை வட்டாரத்தினர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் என் தந்தையார் வைத்த தென்னந்தோப்பு அந்த ஓர் இரவில் சாய்ந்தது. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆகவே சாய்ந்தவை மரங்கள் மட்டுமல்ல, அத்தனை ஆண்டு வருமானமும்தான். எங்கள் வரப்போரப் பனைகளோ அசையாமல் நின்றன. ஒரே மரத்தை நம்பியது எங்கள் பிழை.

கடல் வெப்பம் கூடக்கூடப் புயல்களின் வலிமை கூடுகிறது. மழையும் சில நாள்களில் கொட்டித் தீர்ந்து, பின்னர் நீண்ட காய்ச்சல் வருகிறது. பலவகை மரங்கள் வரப்பில் நின்றால் காற்றின் வேகம் தணியும். உதிர்ந்த இலை மட்கி மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பயிர் பொய்த்த ஆண்டிலும் தழையும் விறகும் காயும் மிஞ்சும். நிழல் விழும் இடத்தில் நெல் விளைச்சல் குறையும் என்பதும் உண்மையே. ஆதலால் எந்த மரம், எந்தத் திசையில் என்று பார்த்து வைக்கவேண்டும்.

இது புதிய கல்வியன்று. மழை குறைந்த காங்கயம் பகுதியில் ‘கொறங்காடு’ என்னும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; நடுநடுவே வெள்வேல மரங்கள். புல் கருகிய கோடையில் வெள்வேலங்காய் ஆடுமாடுகளுக்குத் தீனியாகும். காங்கயம் காளைகளின் பெருமைக்குப் பின்னே இந்தக் காடுகள் நிற்கின்றன. திருவேற்காட்டு வேதபுரீசுவரர் ஆலயத்தின் தலமரமும் இதே வெள்வேலந்தான்! தலமரத்தை வலம் வருகின்ற நாம், அதனை வயலில் முள்மரம் என்று வெட்டிவிடுகிறோம்.

புயலுக்குப் பின் ஊருக்குச் சென்று, எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் பெரியவரிடம், “வரப்பெல்லாம் மரம் வையுங்கள், பணம் அனுப்புகிறேன்” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, நான் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மரம் யாருக்கு?” என்று கேட்டார். ஆண்டுக்கு ஆண்டு வாய்ச்சொல்லாகப் பேசும் குத்தகை; பத்தாண்டு கழித்துப் பலன் தரும் மரம். இரண்டும் எப்படிப் பொருந்தும்? இத்தனை ஆண்டு சிங்கையில் ஒப்பந்தம் பார்த்துக் கையெழுத்திட்டுப் பழகிய எனக்கு அது தோன்றவேயில்லை.

வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் இருந்த அனுமதித் தொல்லைகளும் உழவரை மரத்திலிருந்து விலக்கின. இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை அவற்றை எளிதாக்க முனைந்தது. ஆனால் நிலச் சொந்தக்காரருக்கும் உழுபவருக்கும் இடையிலான கேள்வியை நாம்தான் தீர்க்கவேண்டும்.

நாங்கள் எழுதிக்கொண்டோம். பத்தாண்டுக் குத்தகை, மரப்பயனில் பாதி அவருக்கு, அவருக்குப்பின் அவர் மக்களுக்கு. வேம்பு, புங்கு, பலாக் கன்றுகளும் பனை விதையும் அவரே தேர்ந்து வைத்தார். அடுத்த முறை ஊருக்குச் செல்லும் அன்பர்கள், உறவினர் வீட்டு விருந்துகளுக்கிடையே ஒரு மாலையை ஒதுக்கி, தங்கள் நிலத்தை உழுபவரோடு அமர்ந்து இதைப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கன்றுகளில் பாதிக்குமேல் இரண்டு கோடைகளைத் தாண்டிவிட்டன. மற்றவற்றை ஆடுகள் கடித்துவிட்டனவாம். கிளுவைப் போத்து நட்டு வேலி அமைக்க இம்மாதம் பணம் அனுப்பியிருக்கிறேன்.