பழைய தட்டச்சுப் பொறியின் வயது



பினாங்கு டத்தோ கிராமாட் வட்டாரத்தின் லோரோங் கூலிட் சந்தை பழம்பொருள்களுக்குப் பேர்போனது. தோட்டத்து ஆபீசில் கிராணி தட்டிய பொறி நம் வீட்டு மூலையில் கிடந்தால், அதை அங்கே கொண்டுபோகுமுன், இரும்பு விலைக்குப் போடுமுன், அதன் வயதை அறிவோம்.

முதலில், எழுத்துக் கம்பி எங்கிருந்து அடிக்கிறது என்று பார்ப்போம். உருளையின் அடியிலிருந்து மேலே எழுந்தால், தட்டும்போது எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அது மிகப் பழைய வகை. 1890களில் அண்டர்வுட் வந்த பின், எழுத்தைப் பார்த்தபடியே தட்டும் முறை பரவியது.

அடுத்து, பொறியில் காணும் காப்புரிமை ஆண்டைச் செய்த ஆண்டென்று கொள்ளலாகாது. பொறி அதற்கு முந்தியதன்று என்பதையே அது காட்டும். உருளை வண்டியை ஓரம் தள்ளி, சட்டத்திலும் அடிப்பக்கத்திலும் வரிசை எண்ணைத் தேடுவோம். கம்பெனியின் எண் பட்டியலோடு ஒப்பிட்டால் ஆண்டு கிடைக்கும்.

விசைகளில் தமிழ் இருந்தால் அது தனிச் சிறப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்த ஆர். முத்தையா தமிழ் விசைப்பலகையை வகுத்தார். ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரின் செய்டல் அண்டு நௌமன் ஆலை அதைப் பொறியாக்கியது. ஜெர்மன் பொறியில் ‘ஜனநாயகக் குடியரசு’ என்றிருந்தால், அது 1949க்கு முந்தியதன்று.

துருவை மணல்தாளால் தேய்க்க வேண்டாம்; எண் அழிந்தால் சான்றும் அழியும். மென்தூரிகையே போதும். சம்பளப் பட்டியலும் மனுவும் அடித்த பொறி நம் பாட்டன் காலத்துக்குச் சாட்சி. சாட்சியை எடைக்குப் போடலாமா?