டிஸ்க் தெரியவில்லையா? பதறாதீர்கள்



ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் பேட்டர்ன் வரைவதும் கணினியில்தான், ஏற்றுமதிக் கணக்கும் கணினியில்தான். போன சீசனின் அப்பர் பேட்டர்ன், சைஸ்வாரி அளவுகள், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடங்கியிருக்கும். சரக்கு கிளம்பும் நேரத்தில் அதைச் செருகினால், கணினி கண்டுகொள்ளவே இல்லை! உடனே "டிஸ்க் போச்சு" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் 3.0 துளை தருவது 900. சுழலும் டிஸ்க் கிளம்பும்போது கூடுதல் மின்சாரம் கேட்கும். ஆகவே கேபிளை மாற்றி, ஹப் இல்லாமல் கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். அப்போதும் உள்ளே டக் டக்கென்று சத்தம் கேட்டால், உடனே கழற்றி, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சத்தம் சரியாக இருந்தால் அடுத்தது டிரைவர். வெளிநாட்டு பையருக்கும் நம் கட்டிங் மாஸ்டருக்கும் நடுவே நின்று பேசும் மொழிபெயர்ப்பாளர்போல, கணினிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நிற்கும் சிறு மென்பொருள் அது. விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து, டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க்கின் பெயர் அருகில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அந்தப் பெயரின்மேல் வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகுங்கள். விண்டோஸ் தன்னிடமுள்ள டிரைவரைத் தானே போட்டுக்கொள்ளும். இணையத்தில் இலவச டிரைவர் தேடி, வைரஸை வீட்டுக்கு அழைக்காதீர்கள்.

முக்கோணமும் இல்லை, டிஸ்க்கும் தெரியவில்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். ஆபீஸ் நெட்வொர்க் டிரைவும் இந்த டிஸ்க்கும் ஒரே டிரைவ் எழுத்துக்கு மோதியிருக்கலாம்; வேறு எழுத்து கொடுத்தால் வந்துவிடும். டிசைன் வெளியே போகக்கூடாதென்று நிர்வாகமே யுஎஸ்பியைப் பூட்டி வைத்திருந்தால், சிஸ்டம் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஃபார்மட் செய்யவா, இனிஷியலைஸ் செய்யவா என்று கணினி கேட்டால், உள்ளே இருப்பது வேண்டுமென்றால், "வேண்டாம்" என்றே சொல்லுங்கள். டிஸ்க் திரும்பி வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். பல பேர் உழைப்பில் உருவான பேட்டர்ன் ஒரே ஒரு டிஸ்க்கை நம்பி இருக்கக் கூடாது.