சித்திரகுப்தன் கணக்கும் கம்பெனிக் கணக்கும்

(பொதுக்கூட்டமொன்றில் பேசியது)



யமலோகத்தில் சித்திரகுப்தன் என்று ஒருவன் உட்கார்ந்துகொண்டு, நாம் செய்யும் பாவ புண்ணியங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வருவதாக நமக்குச் சொல்லி வைத்தார்கள். அவனையும் எவனும் பார்த்ததில்லை. அவன் ஏட்டையும் எவனும் கண்டதில்லை. ஆனாலும் அந்த ஏட்டுக்குப் பயந்து புரோகிதனுக்குத் தட்சணை கொடுத்தோம். இன்றைக்கு மெய்யாகவே கணக்கு எழுதுகிறவன் ஒருவன் வந்திருக்கிறான். அவனைப்பற்றி நமக்குப் பயமுமில்லை, யோசனையுமில்லை. பிள்ளைகள் விளையாடுகிறார்களே வீடியோ கேம், அதைத்தான் சொல்லுகிறேன்.

பையன் பொம்மைத் துப்பாக்கி சுடுகிறான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கம்பெனியின் கம்ப்யூட்டரோ, அவன் எத்தனை மணிக்கு வந்தான், எந்த இடத்தில் தோற்றுச் சலித்துப்போனான், யாரோடு சேர்ந்தான், எதைக் காட்டினால் காசு கொடுத்து வாங்குகிறான் என்று குறித்துக்கொண்டே இருக்கின்றது. விளையாட்டு சரியாக நடப்பதற்குச் சில குறிப்புகள் வேண்டியதுதான்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாய் தகப்பனைக் கேளாமல் சிறுபிள்ளையின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எதற்கு என்பதுதான் கேள்வி.

இது என் கற்பனையல்ல. அமெரிக்காவில், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றி இணையத்தில் வாங்கக்கூடாது என்று 1998-லேயே சட்டம் செய்தார்கள். எபிக் கேம்ஸ் என்ற கம்பெனி 2017-ல் ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதை ஆடச் சல்லிக்காசு வேண்டாம். இனாமாய்க் கொடுக்கிற பிரசாதத்திற்குப் பின்னால் உண்டியல் இருப்பது நமக்குப் புதிதா? விளையாட்டுக்குள்ளே வேஷமும் ஆட்டமும் விற்றே கோடி கோடியாய்ச் சம்பாதித்தார்கள்.

அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் அதன்மேல் சாட்டிய குற்றங்களைக் கேளுங்கள். பெற்றோரைக் கேளாமல் பிள்ளைகளின் விவரங்களை வாங்கியது ஒன்று. அவற்றை அழித்துவிடுங்கள் என்று கேட்ட பெற்றோரை அலைக்கழித்தது மற்றொன்று. இவற்றைவிட மோசமானது, பிள்ளைகள் முன்பின் அறியாதவர்களோடு நேரே பேசும்படியான வசதியை, யாரும் கேட்காமலே திறந்து வைத்திருந்தது. அதனால் பிள்ளைகள் மிரட்டலுக்கும் ஆபாசத் தொல்லைக்கும் ஆளானார்கள். இதை மாற்றுங்கள் என்று கம்பெனிச் சிப்பந்திகளே சொல்லியும் மேலே இருந்தவர்கள் இணங்கவில்லையாம்! பிற்பாடு அதை மூடுவதற்கு ஒரு பொத்தான் வைத்தார்கள். அதுவும் தேடினால் எளிதில் அகப்படாத இடத்தில். 2022 டிசம்பரில் இதற்காக 27 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் கட்டக் கம்பெனி இணங்கியது. தந்திரமான பொத்தான்களால் பறித்த காசைத் திருப்பிக் கொடுக்க இன்னும் 24 கோடியே 50 லட்சம். அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டில் பிள்ளைகளின் விவரங்களை வைத்துக்கொண்டதற்காக 2 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

"நீங்கள்தானே சம்மதித்தீர்கள்?" என்று கம்பெனிகள் கேட்கின்றன. எது சம்மதம்? பக்கம் பக்கமாய் வக்கீல் பாஷையில் எழுதி, அடியில் ஒரு பொத்தானை வைத்து அமுக்கச் சொல்லுவது சம்மதமா? கலியாணத்தில் புரோகிதன் சொல்லும் மந்திரத்திற்கு அர்த்தம் தெரியாமல் மாப்பிள்ளை தலையாட்டுகிறானே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் நாட்டிலும் 2023-ல் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி 18 வயது ஆகாதவர் எல்லாம் பிள்ளைகள். பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனிப்பதும், அதைக்கொண்டு விளம்பரம் காட்டுவதும் கூடாது. இதற்கு விதிகளை வெளியிடச் சர்க்காருக்கு 2025 நவம்பர் வரை பிடித்தது. விதிவிலக்குகளும் உண்டு; தங்களுக்கென்று சர்க்கார் வைத்துக்கொண்ட விலக்குகளைத் தனியே ஒரு கூட்டம் போட்டுத்தான் பேசவேண்டும்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "ஒளிக்க ஒன்றுமில்லாதவன் எதற்குப் பயப்படவேண்டும்?" என்கிறார். நல்ல கேள்வி. தோழரே, தங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா இல்லையா? உள்ளே திருட்டுச் சொத்து இருப்பதாலா போட்டிருக்கிறீர்கள்? மேலும், அவன் எழுதுவது உம்முடைய பாவத்தையல்ல. உம்முடைய பிள்ளை எந்த நேரத்தில் எதற்கு மயங்குவான் என்பதை. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பெற்ற உமக்குத் தெரியவில்லை. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பையனைக் கூப்பிட்டு, அந்த விளையாட்டில் யார் யார் அவனோடு பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை மூடும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று அவனையே காட்டச் சொல்லுங்கள்.