பெருவண்டிச் சாரதியும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுகிறவர்கள் கல்வியைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் பேசுவதே வழக்கம். நாமோ லொறிக்காரரையும் பஸ்காரரையும் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். விழா மேடைக்கு இது ஏற்ற பொருளா என்று சிலர் முறுவலிப்பது தெரிகிறது. ஆயினும் ஒன்று கேட்கிறோம். பஸ் ஏறாமல் இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? வழிநெடுக நம் உயிர் எவர் கையில் இருந்ததோ அவரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம், அவருடைய வேலைக்கு நாம் செய்யும் இடையூறு யாது என்பதே இன்றைய பேச்சு.

"லொறிக்காரன்" என்ற சொல்லை நாம் உச்சரிக்கும் விதத்திலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. அவன் குடிப்பவன், வாய்த்துடுக்கு உள்ளவன், ரோட்டைத் தன் பாட்டன் சொத்தென்று எண்ணுபவன் என்பதே அந்தத் தீர்ப்பு. கலியாணத் தரகர் வந்து, "பையன் லொறி ஓட்டுகிறான்" என்றால் பெண் வீட்டார் முகம் சுருங்குகிறது. "கொழும்பில் கம்பனியில் வேலை" என்றால் மலர்கிறது. அந்தக் கம்பனி வேலை அதே கம்பனியின் லொறியை ஓட்டும் வேலையாக இருந்தாலும் இருக்கும். அது கலியாணத்துக்குப் பின்புதான் வெளிவரும்!

இந்த லொறிக்காரர் எங்கிருந்தோ வந்த அந்நியர் அல்லர். நம் லயத்துப் பிள்ளை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோக, கிளீனராகச் சேர்ந்து, சில்லுக்குக் கட்டை வைத்துப் பழகி, பின்பு கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்தவர். நுவரெலியாவிலும் கந்தப்பளையிலும் விளையும் கரட், லீக்ஸ், கோவா மூட்டைகளை இரவோடிரவாகத் தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் கொண்டுசேர்ப்பவர் அவரே. முன்னாளில் கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டியில் இந்த மலைகளிலிருந்து இறங்கின. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. தோட்டத்திலிருந்து ரயில் நிலையம் வரையுள்ள செங்குத்துப் பாதை மட்டும் வண்டிக்காரனுக்கே மிஞ்சியது. அந்த வண்டிக்காரனுடைய வாரிசுதான் இன்றைய கொழுந்து லொறிச் சாரதி.

அவருடைய தொழில் நுட்பத்தை நம்மில் பலர் கவனித்ததே இல்லை. றம்பொடை வளைவுகளில் பஸ் ஏன் நடுக்கோட்டைத் தாண்டி அகல வருகிறது? திமிரினால் என்று காரில் வரும் கனவான் நினைக்கிறார். நீண்ட வண்டி திரும்பும்போது பின்சில்லுகள் முன்சில்லுகளின் தடத்தில் வருவதில்லை. உட்பக்கம் குறுக்கே வெட்டி வரும். வெளிப்பக்கமாக அகல எடுக்காவிட்டால் பின்சில்லு கானுக்குள் இறங்கிவிடும். லொறிக்காரர் ஏற்றத்தில் ஏன் வழிவிட மறுக்கிறார்? பாரத்தோடு ஏறும் வண்டியை இடையில் நிறுத்தினால் மீண்டும் கிளப்புவது பெரும்பாடு. ஆகையால்தான் மலைநாட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்பது பழைய மரியாதை. இறக்கத்தில் ஏன் ஆமை போல ஊர்கிறார்? எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய சாரதிகள் சொல்லிக்கொடுத்த பாடம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை ஓயாமல் மிதித்து மிதித்து விட்டால் சேமித்த காற்றும் குறைந்துபோகும். பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கிறவருக்கு இதெல்லாம் தெரியாது. சாரதியின் இருக்கையிலிருந்து பார்த்தால், வண்டிக்கு மிக அருகே இடப்புறமாகவும் நேர்பின்னாலும் வருகிற மோட்டார் சைக்கிள் கண்ணிலேயே படாது என்பதும் தெரியாது.

நிற்க. பெருவண்டிச் சாரதிகள் யாவரும் தூயவர் என்று வாதிட நாம் வரவில்லை. 2023 ஜனவரி 20ஆம் தேதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவரின் பஸ், ஒரு வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியது. அவ்விரு வண்டிகளிலும் இருந்த 7 பேர் இறந்தனர். 2025 மே 11ஆம் தேதி, வெசாக்குக்கு முதல் நாள் விடியுமுன், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டிஎல்லப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் ஏறியிருந்த அந்த வண்டியில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாரதியும் அவர்களில் ஒருவர். அந்த இரண்டு செய்திகளும் நம் வீடுகளை எப்படி உலுக்கின என்பதை இங்கு சொல்லவேண்டியதில்லை.

ஆனால் இத்தகைய செய்தி வந்தவுடன் நடப்பதைக் கவனியுங்கள். விசாரணைக்காரர் இடத்துக்கு வந்து சேருமுன்பே தேநீர்க் கடையில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்: "குடித்திருப்பான், இவன்களே இப்படித்தான்." அத்தோடு நம் மனம் ஆறிவிடுகிறது. வண்டியின் நிலை என்ன, பாதையின் ஓரத்தில் தடுப்பு இருந்ததா, அந்த மனிதர் எத்தனை மணி நேரம் உறங்காமல் ஓட்டினார், ஐம்பது பேர் ஏறவேண்டிய வண்டியில் எழுபது பேரை ஏற்றியது யார் என்று கேட்கிறவர் இல்லை. சாதிப்பெயர் சொல்லி ஒருவனை ஒதுக்கிய சமூகம் இன்று தொழிற்பெயர் சொல்லி ஒதுக்குகிறது.

அமெரிக்க அரசாங்கம் 2001 முதல் 2003 வரை நிகழ்ந்த பெருலொறி விபத்துக்களில் ஏறக்குறைய ஆயிரத்தை ஆராய்ந்தது. லொறியும் சிறு வாகனமும் மோதிய நிகழ்ச்சிகளில், மோதலை உண்டாக்கிய முக்கிய காரணம் நூற்றுக்கு 44 பங்கு லொறியின் பக்கமும், 56 பங்கு சிறு வாகனத்தின் பக்கமும் இருக்கக் கண்டார்கள். வேறு நாட்டுக் கணக்குத்தான். நம் நாட்டுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் பெரிய வண்டி என்றால் பெரிய குற்றவாளி என்ற எண்ணத்தைச் சற்று நிறுத்திவைக்க அது போதும். நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் மடிகிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றவரும் நடந்து சென்றவருமே மிகப் பலர்.

பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் வரலாறு சிறுவரும் அறிந்தது. திருவாரூர் வீதியில் அரசகுமாரன் தேரில் சென்றான். எவரும் அறியாதபடி ஒரு கன்று துள்ளிப் புகுந்து தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. குமாரன் குடியன் அல்லன், கொடியவனும் அல்லன், நற்குணம் உள்ளவன். இருந்தும் கன்று போனது போனதுதான். மந்திரிகள் சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள், அரசன் ஏற்கவில்லை. கண் தவறினால் அரசகுமாரனின் தேரும் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி அந்தக் கண் தவறுதலைப் பற்றி.

விர்ஜீனியா மாநிலத்துப் போக்குவரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று லொறிகளுக்குள் கமெரா பொருத்தி, சாரதிகளின் கண் எங்கே போகிறது என்று பார்த்து, 2009இல் முடிவை வெளியிட்டது. கைத்தொலைபேசியில் செய்தி எழுதும் லொறிச் சாரதிக்கு ஆபத்து 23 மடங்கு கூடுகிறது. ஆபத்து நேர்ந்த சந்தர்ப்பங்களில், 6 விநாடியில் 4.6 விநாடி கண் ரோட்டில் இல்லை. இதை நம் பாதைக்குப் பொருத்திப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பஸ், ஒரு விநாடியில் 11 மீற்றர் கடக்கும். ஏறக்குறைய அந்தப் பஸ்ஸின் நீளமே அவ்வளவு. 4.6 விநாடியில் 50 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிடுகிறது. தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரையில், வளைவுக்கும் வளைவுக்கும் இடையே 50 மீற்றர் நேர்ப்பாதை எத்தனை இடத்தில் கிடைக்கும்? அதிலும் மாலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால்?

"நான் கையில் பிடிப்பதில்லை, காதில் கருவி செருகிப் பேசுகிறேன்" என்பார் சிலர். யூட்டா பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 40 பேரைப் பாவனை வண்டியில் அமர்த்திப் பரீட்சித்தார்கள். தொலைபேசியில் பேசியவாறு ஓட்டியவர்களில் மூவர் முன்னால் சென்ற வண்டியில் மோதினார்கள். அந்நாட்டுச் சட்டம் குற்றம் என்று கூறும் அளவுக்கு மதுவருந்தி ஓட்டியபோது ஒருவரும் மோதவில்லை. கையில் பிடித்துப் பேசியதற்கும் பிடிக்காமல் பேசியதற்கும் வேற்றுமை காணப்படவில்லை. குடித்துவிட்டு ஓட்டலாம் என்று எவரும் இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம்! குடிகாரன் என்று நாம் யாரைத் தூற்றுகிறோமோ அவனோடு ஒத்த நிலையில், தலைக்கவசத்துக்குள் தொலைபேசியைச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் போகும் உத்தியோகத்தரும் இருக்கிறார் என்பதே பொருள்.

இலங்கைத் தமிழில் கவனத்துக்கு "அவதானம்" என்போம். ஒரே வேளையில் பல காரியங்களில் மனத்தைச் செலுத்தும் கலைக்கும் அதுவே பெயர். மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் நூறு அவதானம் செய்து சதாவதானி என்று புகழ்பெற்றார். அத்தகைய மேதைகள் நூற்றாண்டுக்குச் சிலரே தோன்றுகிறார்கள். அவர்களும் சபையில் அசையாது அமர்ந்து அதைச் செய்தார்கள். கினிகத்தேனை இறக்கத்தில் பத்துத் தொன் பாரத்தோடு செய்து காட்டவில்லை.

சாரதியின் அவதானத்தைக் குலைப்பது யார் என்பதுதான் நமக்குச் சங்கடமான கேள்வி. அவர் ஸ்டீயரிங்கை முழங்கையால் பிடித்துக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது அவர் குற்றமே. ஓடும்போது தன் முகத்தைத் தானே படம்பிடித்து ஊருக்குக் காட்டும் இளம் சாரதிகளை மன்னிக்கவே முடியாது. அவரிடம் இருப்பது கார் அன்று. அதைப்போல் பத்து மடங்கு எடை. ஆதலால் அவருடைய பொறுப்பும் பெரிது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அவரைத் தொலைபேசியில் அழைப்பது யார்? "மூட்டை எங்கே வருகிறது?" என்று முதலாளி. "சந்தை விலை இறங்குகிறது, சீக்கிரம் வா" என்று தரகர். "தம்பி, சாப்பிட்டியா? எந்த இடத்தில வாற?" என்று தாயார். தாய் கேட்பது பாசத்தினால். எடுக்காவிட்டால் அவர் கலங்குவார் என்று தெரிந்து பிள்ளையும் எடுக்கிறான். எடுக்கிற இடம் எந்த வளைவோ, யார் கண்டது!

பஸ்ஸில் நாம் செய்வதும் குறைவில்லை. முன்னிருக்கையில் அமர்ந்து ஊர்க்கதை பேசி, சாரதியின் முகத்தை நம் பக்கம் திருப்புகிறோம். பாட்டு மாற்றச் சொல்கிறோம். மெதுவாகப் போனால் "மாட்டுவண்டியா?" என்கிறோம், வேகமாகப் போனால் வைகிறோம். தனியார் பஸ்ஸில் அன்றைய வசூலை நம்பியே சாரதிக்கும் நடத்துனருக்கும் கூலி கிடைப்பது பெருவழக்கு. ஆகையால் முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் ஓட்டம் அவர்களுடைய சுபாவத்தில் மட்டும் பிறந்ததன்று. கூலி கணக்கிடும் முறையிலும் பிறந்தது. இதைச் சாரதிகளைத் திட்டித் திருத்த முடியாது. மாதச் சம்பளமாக்கச் சொல்லிக் கேட்பதற்கு நம் பிரதிநிதிகள் இருக்கிறார்கள்.

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா ஏரிக்கரையில் நிற்கும் சுற்றுலாப் பஸ்களை இரவில் பார்த்திருக்கிறீர்களா? பிரயாணிகள் விடுதியில் கம்பளி போர்த்துத் தூங்க, சாரதி பல சமயம் வண்டியின் நீள் இருக்கையில் குளிரில் சுருண்டு கிடப்பார். விடிந்ததும் அதே மனிதர் ஆறாயிரம் அடி உயரத்திலிருந்து ஐம்பது பேரைக் கீழே இறக்கவேண்டும். தூக்கமில்லாத கண்ணும் தொலைபேசியில் இருக்கும் கண்ணும் ஒன்றே.

ஆகவே, சங்கத்தின் முன் சில காரியங்களை வைக்கிறோம். சங்கத்தின் யாத்திரைகளுக்கு நாமும் பஸ் பேசுகிறோம் அல்லவா? பேசும்போது விலையை மட்டும் பேசாமல், முந்திய இரவு சாரதி வேறு பயணம் ஓட்டினாரா என்று விசாரிக்கவேண்டும். இரவில் தங்கும் இடத்தில் அவருக்கு அறையும் கம்பளியும் கட்டாயம். வண்டி ஓடும்போது அவருடைய தொலைபேசி, அவர் சம்மதத்தோடு, அருகில் இருக்கும் அங்கத்தவர் ஒருவரிடம் இருக்கட்டும். "அண்ணன் வண்டி ஓட்டுகிறார், கொட்டகலையில் நிறுத்தும்போது பேசுவார்" என்று பதில் சொல்ல ஒரு வாலிபர் போதாதா? லொறியிலே இந்த வேலையைக் கிளீனர் செய்யலாம். வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: புறப்படுமுன், எந்த ஊரில் நிறுத்தி நான் பேசுவேன் என்று பிள்ளையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வரும்வரை நீங்கள் அழைக்கவேண்டாம்.

மற்றொன்று. நம் அங்கத்தவர்களுள் சாரதிகளும் கிளீனர்களும் இருக்கிறார்கள். இன்றும் மண்டபத்தின் பின்வரிசையில் நிற்கிறார்கள். நாற்காலி இருந்தும் ஏன் நிற்கிறார்கள் என்று செயற்குழு யோசிக்கட்டும். அடுத்த ஆண்டு இந்தப் பொருளைப் பற்றிப் பேச அவர்களில் ஒருவரையே அழைக்கவேண்டும். கியரைப் பற்றியும் பனியைப் பற்றியும் நாம் இங்கே சொன்னதில் பாதி அவர்களிடம் கேட்டறிந்ததே.

சாரதிக்கு அறை, கம்பளி என்றால் பணத்துக்கு எங்கே போவது என்று பொருளாளர் கேட்பார். சென்ற யாத்திரையின் பட்டாசுச் செலவை அவரே ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். தலைவர் அனுமதி தந்தால், அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சித்தமாயிருக்கிறோம்.