மெட்டு யாருடையது?

(திருவண்ணாமலையில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, 'இசையமைப்பில் பெண்கள்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சுரம் தெரியாது. பேங்க்கில் கிளார்க். ஏதோ கவிதை எழுதுகிறவன். நேரில் தெரிந்த ஒரே ஒரு இசையமைப்பாளரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு முன், பெயர் வெளியே வந்தவர்கள் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1936இல் 'அச்சூத் கன்யா' என்று ஓர் இந்திப் படம். தீண்டப்படாத பெண்ணொருத்தியின் கதை. இசை, சரஸ்வதி தேவி. அது அவருடைய சொந்தப் பெயரே இல்லை. குர்ஷித் என்ற பார்சிப் பெண். நம் வீட்டுப் பெண் சினிமாவுக்குப் போவதா என்று அவர் சமூகம் கொதித்தது. பெயரை மாற்றிக்கொண்டுதான் மெட்டுப் போட முடிந்தது. 1954இல் 'சக்ரபாணி' தெலுங்குப் படத்துக்கு பானுமதி இசையமைத்தார். அது அவருடைய சொந்தக் கம்பெனிப் படம். மதுரையின் பெரிய தொழிலதிபர் வீட்டு மருமகள் அம்புஜம் கிருஷ்ணா நூற்றுக்கணக்கில் கீர்த்தனை எழுதினார். மெட்டு பெரும்பாலும் வித்வான்கள் போட்டது. பவதாரிணி இளையராஜாவின் மகள். 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃப்ரண்ட்' படத்துக்கு அவர்தான் இசை. 2024 ஜனவரியில் அவர் இறந்தபோதும் பாடகி என்றுதானே நாம் அழுதோம்?

சரி. இவர்களுக்குக் காகிதமாவது இருந்தது. டைட்டில் கார்டு இருந்தது. என் சின்னம்மாவுக்கு என்ன இருக்கிறது?

சின்னம்மா நடவுக்குப் போகிறவர். அறுபது வயதைத் தாண்டிவிட்டது. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் பெரிய மேளத்துக்கு ஆம்பளைகளுக்கு ஆள் வரும். ஒப்பாரிக்குச் சின்னம்மாவுக்கு வரும். 'கூலிக்கு மாரடிக்கிறது' என்று ஒரு சொலவடை வைத்திருக்கிறோமே, மனசில்லாமல் வேலை செய்கிறவனைத் திட்ட! எந்த மேல்சாதிக்காரன் வாயில் அது முதலில் வந்ததோ தெரியாது, நாமும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த மாரடிக்கிற பெண் என்ன செய்கிறாள் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

தெருமுனையிலேயே சின்னம்மா விசாரித்துவிடும். செத்தவருக்குப் பிறந்த ஊர் எது, பிள்ளை எத்தனை, பொண்ணைக் கட்டிக்கொடுத்தது எங்கே, யார் கொள்ளி வைக்கிறது. ஐந்து நிமிஷம்தான். வாசலுக்கு வெளியே, தெருவில் உட்கார வேண்டும். உள்ளே விடமாட்டார்கள், குரல் மட்டும் போகலாம். முதல் அடியை உச்சத்தில் எடுக்கும். இரண்டாவது அடி படி இறங்கி வரும். கடைசியில் ஒரே சுருதியில் விம்மல். அந்த விம்மலை மற்ற பெண்கள் வாங்கிக்கொள்வார்கள். நாம் அதை அழுகை என்று நினைக்கிறோம். அதற்குள்தான் அடுத்த அடி தயாராகிறது. சின்ன வயசுச் சாவென்றால் இழுவை நீளும். வாழ்ந்து முடித்த கிழவன் என்றால் மெட்டே வேறு, நடுவில் ஒரு குத்தலும் வரும். அதே சின்னம்மா நடவு வயலில் இறங்கினால் அந்த மெட்டையே வேகப்படுத்தி நாற்றுக் கைக்குத் தாளமாக்கிவிடும். இதற்கு இசையமைப்பு என்று பெயர் இல்லையென்றால் வேறு என்ன பெயர்?

ஒருமுறை ஓர் ஆய்வாளர் டேப் ரிக்கார்டரோடு வந்தார். புத்தகமும் வந்தது. அட்டையில் தொகுத்தவர் பெயர். உள்ளே சின்னம்மா 'தகவலாளி'!

சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதப்பட்டோ அச்சிடப்பட்டோ இருந்தால்தான் அது இசைப் படைப்பு. 1994இல் திருத்தம் கொண்டுவந்து, 1995 மே மாதம் அமலுக்கு வந்த பிறகுதான், சுரம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் மெட்டமைத்தவர் இசையமைப்பாளர் என்று ஆனது. எங்கள் பேங்க்கில் நூறுநாள் வேலைக் கூலி எடுக்க வரும் பெண்களிடம் நான் தினமும் பெருவிரல் ரேகை வாங்குகிறேன். கைநாட்டுக்குப் பணம் கொடுக்கிறோம். மெட்டுக்கு மட்டும் முப்பத்தெட்டு வருஷம் எழுத்து கேட்டிருக்கிறார்கள். திருத்தம் வந்த பிறகும், சின்னம்மா தன் மெட்டை எங்கே போய், எந்த பாரத்தில் பதிவது?

2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. மெட்டு யாருடையது என்று அடுத்த வருஷம் பெரிய சண்டை. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து வந்த பாட்டு என்றார் அறிவு. 2024இல் தன் ஆல்பத்துக்கே 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். ஒரு பேரன் அதைச் செய்தான்.

நான் செய்யவில்லை. நம் மேடைகளில் பத்து வருஷமாகப் பாடுகிற ஒரு பாட்டு, உங்களுக்கே தெரியும், சின்னம்மாவின் மெட்டு. சாவு வீட்டு மெட்டு. நான் வார்த்தை மட்டும் போட்டேன். நம் பாட்டுப் புத்தகத்தில் 'பாடல்' என்று என் பெயர் இருக்கும். கீழே 'நாட்டுப்புற மெட்டு'. ஆய்வாளரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

போன மாசம் சின்னம்மாவிடம் போய், அடுத்த பதிப்பில் உன் பேரைப் போடறேன் என்றேன். நடவு முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தது.

"வேணாம் கண்ணு. தம்பிக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம். சாவுப்பாட்டுக்காரி மவன்னு புஸ்தகத்துலயே போட்டா எவன் குடுப்பான்? நீங்கதானே மேளம் அடிக்காதே, ஒப்பாரிக்குப் போவாதேன்னு கூட்டம் போட்டீங்க?"

போட்டோம்தான். அது சரியான முடிவுதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்குச் சின்னம்மாவுக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இங்கேயும் பெயரைச் சொல்லவில்லை.

அச்சுக்குப் போகிற பிரதியில் 'நாட்டுப்புற மெட்டு' என்ற வரியை அடித்துவிட்டேன். அந்த இடம் இப்போதைக்குக் காலியாகத்தான் வரும். தம்பி கல்யாணம் முடிந்ததும் மறுபடி போய்க் கேட்பேன்.