விலை கூறும் உரிமை
(கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஏகாதிபத்தியமும் தொழில்மயமும்)



ஏகாதிபத்தியம் என்பது மேடைகளில் பெரிதும் வழங்கும் சொல். அதனைத் தூண்டிய நோக்கங்கள் யாவை என்னும் வினாவிற்கு அறிஞர் பலர் விடை தந்துள்ளனர். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்திற்கு வடிந்தோடியதை 1901இல் வெளிவந்த தம் நூலில் தாதாபாய் நௌரோஜி கணக்கிட்டுக் காட்டினார். உள்நாட்டில் தேங்கிய மூலதனம் வெளிநாட்டில் இடம் தேடியதே காரணம் என்றார் 1902இல் ஹாப்சன். முற்றுரிமை முதலாளித்துவத்தின் இயல்பான கட்டமே அது என்றார் லெனின். பழைய போர்க்குடிகளின் மனப்பான்மை நவீன காலத்திலும் எஞ்சி நின்றதே அது என்றார் 1919இல் சும்பீட்டர். இவ்விடைகள் ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆயினும் உலக வரலாற்றின் பெருங்கேள்வி ஒன்றிற்குக் கெடிலமும் வெள்ளாறும் கடலில் கலக்கும் இச்சிறு நிலப்பகுதி தன் அளவில் ஒரு விடை வைத்திருக்கிறது. அவ்விடை துணியிலிருந்து தொடங்குகிறது.

குண்டு விழுந்த எல்லை

1690ஆம் ஆண்டு. செஞ்சிக் கோட்டையில் மராட்டிய அரசர் இராஜாராம் முகலாயப் படையை எதிர்நோக்கியிருந்தார். அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தென்திசையில் ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது. சென்னையில் ஆளுநராயிருந்த எலிகு யேல் காலத்தில் தேவனாம்பட்டினத்துக் கோட்டை விலைக்கு வாங்கப்பெற்றது. கோட்டையோடு சேரும் நிலத்தின் எல்லையை அளக்கக் கயிறும் கோலும் பயன்படவில்லை. கோட்டையிலிருந்து நாற்புறமும் பீரங்கி சுட்டு, குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்கள் யாவும் கம்பெனிக்கு உரியவை என்பதே உடன்பாடு. ஆகவே மிகுதொலை பாயும் பீரங்கியைத் தேடிப் பிடிக்குமாறு சென்னையிலிருந்து ஆணை வந்தது. அவ்வாறு கம்பெனி வசமான ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கடலூரும் அவற்றுள் அடங்கிற்று. அக்கோட்டையே புனித டேவிட் கோட்டை ஆயிற்று.

இந்நிகழ்ச்சியைச் சுவையான கதையாகக் கூறிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் இதனுள் ஏகாதிபத்தியத்தின் நோக்கம் முழுமையாக அடங்கியிருக்கிறது. கம்பெனி நாடு பிடிக்க வந்ததன்று. சமயம் பரப்ப வந்ததுமன்று. அது தேடி வந்தது நெடுந்துணி. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கு ஐரோப்பாவிலும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலும் பெருந்தேவை இருந்தது. அத்துணியோடு போட்டியிட இயலாத இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கிளர்ச்சி செய்ததால், அந்நாட்டு நாடாளுமன்றம் 1700இலும் 1721இலும் சட்டமியற்றி இந்தியத் துணியைத் தடுக்க முற்பட்டது. திறமையால் வெல்ல முடியாததைச் சட்டத்தால் தடுத்தனர். துணி வாங்க வந்த வணிகனுக்குப் பீரங்கி எதற்கு என்பதே இங்குக் கேட்க வேண்டிய கேள்வி. சந்தையில் பொருள் வாங்குவோனுக்குப் பணப்பை போதும். விலையைத் தானே கூற விரும்புவோனுக்குத்தான் பணப்பையோடு பீரங்கியும் வேண்டும்.

தறியில் இருந்த சுதந்திரம்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி நெசவாளர் நிலை எவ்வாறு இருந்தது? வரலாற்றறிஞர் பிரசன்னன் பார்த்தசாரதி தம் ஆய்வில் அதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். நெசவாளர் வணிகரிடம் முன்பணம் பெற்றுத் துணி நெய்தனர். வேறொருவர் மிகுந்த விலை கொடுக்க முன்வந்தால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை நெசவாளர்க்கு இருந்தது. அவ்வாறு முறித்துக்கொள்ளும் உரிமை வணிகர்க்கு இல்லை. கொடுமை மிகுந்தால் தறியைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு வேற்றரசரின் எல்லைக்குப் பெயர்ந்து செல்வதும் வழக்கம். நெசவாளரை இழக்க விரும்பாத அரசர்கள் அவர்களை வற்புறுத்தத் தயங்கினர். அந்நாளைய தென்னிந்திய நெசவாளரின் வாழ்க்கைத் தரம் அக்கால இங்கிலாந்து நெசவாளரின் தரத்திற்குக் குறைந்ததன்று என்பதும் அவ்வறிஞரின் கருத்து.

இதனால் பழங்காலத்தைப் பொற்காலமாகக் கொண்டாடுவது பொருந்தாது. சோழர் கல்வெட்டுகளிலேயே தறி இறை உண்டு. நெசவாளர்க்கு வறுமையும் உண்டு, பஞ்சமும் உண்டு. ஆனால் அவர்க்கு ‘வேண்டா’ என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தைத்தான் கம்பெனி கைப்பற்றியது.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, சில ஆண்டுகள் புனித டேவிட் கோட்டையே கம்பெனியின் தலைமையிடமாயிற்று. 1756இல் இக்கோட்டையின் பொறுப்பேற்க வந்த இராபர்ட் கிளைவ், அதே ஆண்டில் வங்கத்திற்குப் படையோடு சென்றார். அடுத்த ஆண்டு பிளாசிப் போர் நடந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இக்கோட்டையைத் தகர்த்தார். 1781 ஜூன் திங்களில் ஐதர் அலியின் படை காத்துநின்ற சிதம்பரம் கோயிலின் மதிலைத் தாக்கிய அயர் கூட் பின்வாங்க நேர்ந்தது. ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஐதரை அவர் வென்றார். பாடநூல்கள் இவற்றைப் போர்களாகப் பட்டியலிடுகின்றன. தறிக்கு அருகிலிருந்து பார்த்தால், ஒவ்வொரு போரின் முடிவிலும் நெசவாளர் ஓடிப்போகத்தக்க வேற்றெல்லை ஒன்று குறைந்துகொண்டே வந்தது. அரசர் பலர் இருந்தவரை நெசவாளர்க்குப் புகலிடம் பல. 1801இல் கர்நாடக நவாபின் நாடு முழுவதும் கம்பெனி வசமானபோது புகலிடம் எங்கும் இல்லாதொழிந்தது. இடைநின்ற வணிகரை விலக்கிக் கம்பெனியின் குமாஸ்தாக்களே நேரே முன்பணம் கொடுத்தனர். பிறர்க்கு நெய்தலாகாது என்று தடுத்தனர். தம் விலையே விலை என்றனர்.

அதன் பின்னரே மான்செஸ்டர் ஆலைத்துணி வந்தது. 1813இல் கம்பெனியின் இந்திய வாணிக முற்றுரிமை நீங்கிற்று. 1833இல் வாணிகத்தையே அது கைவிட்டது. கடல் கடந்த சந்தையை நம்பி நெய்தவர் நிலை சரிந்தது. ஆலை இயந்திரம் ஒன்றே நெசவைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது மிகை. உள்ளூர் மக்கள் உடுத்தும் சேலையையும் கைலியையும் நெய்த கைத்தறிகள் ஆலை நூலைக் கொண்டே பிழைத்தன. இயந்திரம் வருமுன்பே நெசவாளரின் பேரம் பேசும் வலிமை பறிக்கப்பட்டிருந்தது என்பதே இந்நிலப்பகுதி கூறும் உண்மை.

பரங்கிப்பேட்டையின் உலை

தொழில்மயத்தின் வரலாற்றில் பரங்கிப்பேட்டைக்கு எதிர்பாராத ஓர் இடம் உண்டு. கம்பெனிப் பணியிலிருந்து விலகிய ஜோசியா மார்ஷல் ஹீத் என்பார் 1830ஐ ஒட்டி அங்கு இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்துக் கனிமம், காட்டு மரத்தின் கரி, ஐரோப்பிய முறை ஊதுலை ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுகூடின. அவ்விரும்பு இங்கிலாந்திற்கும் ஏற்றுமதியாயிற்று. எனினும் ஆலை நிலைபெறவில்லை. கரிக்காகக் காடுகள் அழிந்தன, கரி கொணரும் தொலைவு நீண்டது, செலவு மிகுந்தது. 1853இல் தோன்றிய கிழக்கிந்திய இரும்புக் கம்பெனியாலும் அதனைக் காக்க முடியவில்லை. 1860களில் உலை அணைந்தது. ஊரின் தேவைக்காக, ஊரார் பொறுப்பில் எழுந்த தொழிலன்று அது. ஆகவே அது எழுந்தபோதும் வீழ்ந்தபோதும் ஊரைக் கேட்டு நடக்கவில்லை.

வேளாண்மையும் அவ்வாறே திரும்பிற்று. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை எழுந்தது. தென்னார்க்காட்டின் மணிலாக் கொட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகர் சென்று எண்ணெயாகவும் சவர்க்காரமாகவும் மாறிற்று. அவுரி பயிரிட்டோர், 1897இல் செருமானிய வேதியியலார் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தபின் வாழ்வழிந்தனர். புன்செய் நிலத்து உழவன் தான் காணாத நகரத்தின் விலைக்குத் தன் பயிரை ஒப்படைத்தான்.

நந்தன் கேட்ட விடை

உலை அணைந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில் இவ்வட்டாரத்தின் இலக்கியமும் அறமும் இரு பெருஞ்செயல்களைக் கண்டன. அவற்றைக் கவிஞர் பெருமக்கள் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, 1861ஐ ஒட்டி அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. சேக்கிழாரின் திருநாளைப்போவார் எவரிடமும் விடை கேட்கவில்லை; தம் குலத்தின் நிலை எண்ணித் தாமே தயங்கி நின்றார். கீர்த்தனையின் நந்தனுக்கோ பண்ணையாராகிய வேதியர் ஒருவர் உண்டு. தில்லை செல்ல அவரிடம் விடை கேட்டு மன்றாட வேண்டியிருக்கிறது. நாற்பது வேலி நிலத்து வேலை முடிந்தால்தான் விடை. பெரியபுராணத்தில் இல்லாத அவ்வேதியரைப் பாரதியார் எங்கிருந்து கொணர்ந்தார்? தம் கண்முன் இருந்த காவிரிக் கழனிகளிலிருந்தே கொணர்ந்தார். அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கிய 1843ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். விடை கேட்கும் அக்குரல் பக்தியின் குரல் மட்டுமன்று, உழைப்பாளியின் குரலுமாகும்.

ஏகாதிபத்தியத்தைப் பழிக்குங்கால் மறக்கலாகாத உண்மை ஒன்று இங்குண்டு. கம்பெனி வருமுன்பே நந்தனுக்கு விலை கூறும் உரிமை இல்லை. 1834 முதல் மொரீசியசுக்கும் பின்னர்ப் பிற தீவுகளுக்கும் ஆள் ஏற்றிய கப்பல்கள் புதியதோர் அடிமைத்தனத்திற்கே கொண்டு சென்றன. ஆயினும் அவற்றில் ஏறியோருள் பண்ணையிலிருந்து தப்ப வேறு வழி காணாதோர் பலர். அன்னியர் இழைத்த கொடுமையைப் பாடும் கவிஞர், சொந்த ஊரின் கொடுமையைப் பாடாமல் விட்டால் அப்பாட்டு அரைப்பாட்டே. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கியபோது, விடை கேட்கும் நிலையை விடுத்துத் தாமே எழுந்து நடக்கும் நிலைக்கு அம்மக்கள் வந்தனர்.

இரண்டாவது, 1867 மே திங்களில் வடலூரில் இராமலிங்க அடிகளார் நிறுவிய சத்திய தருமச்சாலை. பஞ்சம் சூழ்ந்த காலம் அது. தானியத்தின் விலையைச் சந்தை தீர்மானிக்கும் என்று அரசு கைகட்டி நின்ற நூற்றாண்டு அது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அத்தகைய காலத்தில், பசித்தவனுக்குச் சோறு விலைக்குரிய பொருளன்று என்று அடிகளார் அடுப்பு மூட்டினார். ஏகாதிபத்தியத்தின் பொருளியலுக்கு இவ்வட்டாரம் அளித்த மறுமொழிகளுள் அதனினும் தெளிவானது வேறில்லை. அவ்வடுப்பு இன்றும் அணையவில்லை.

இன்றைய கணக்கு

1918 நவம்பரில் புதுவையிலிருந்து வெளியேறிய மகாகவி பாரதியாரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் அடைத்த ஆட்சி 1947இல் நீங்கிற்று. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. தமிழகத்திற்கு ஒளியும் ஆயிரக்கணக்கானோர்க்கு வேலையும் தந்த அந்நிறுவனத்தைக் கம்பெனியோடு ஒப்பிடுதல் நேர்மையன்று. அது மக்களின் அரசு நடத்தும் நிறுவனம். எனினும் பழைய கேள்வி முற்றும் மறையவில்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரினூடே மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். கிடைத்தது உரிய விலையன்று என்பது உழவரின் வாதம். சட்டத்தில் எவர் பக்கம் வலியது என்பதை நீதிமன்றங்கள் கூறலாம். ஆனால் விலையைக் கூறும் இடத்தில் உழவர் இருந்தாரா என்பது சட்டத்திற்கு முந்திய கேள்வி. கடலூருக்குத் தெற்கே சிப்காட் வளாகத்து இரசாயன ஆலைகளின் அருகே உப்பனாற்றில் வலைவீசும் மீனவரின் கேள்வியும் அதுவே. ஆற்றின் விலை எந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டது?

அவையோரே, ஏகாதிபத்தியத்தின் நோக்கம் கொடுமை செய்வதன்று. பிறர் உழைப்பின் விலையைத் தான் ஒருவனே கூறுவது. கொடுமை அதற்குக் கருவி. தொழில்மயத்தின் தீங்கும் இயந்திரத்தில் இல்லை. இயந்திரத்தின் முன் நிற்பவன் ‘வேண்டா’ என்று சொல்லும் வாய்ப்பை இழப்பதில் இருக்கிறது. அவ்வாய்ப்பை மீட்டுத் தருவது அரசியலின் கடமை. அது எங்கெங்குப் பறிபோகிறது என்பதைப் பெயர் சொல்லிக் காட்டுவது இலக்கியத்தின் கடமை. கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு வேதியரைப் படைத்து அதனைச் செய்தார். இன்றைய வேதியர் யார், இன்றைய நாற்பது வேலி எது என்று கண்டு சொல்வது இவ்வட்டத்துக் கவிஞர்தம் அடுத்த பத்தாண்டுப் பணியாகுக. வட்டம் வளர்க.